முதல் பிஸ்டல்: .22 வேண்டாம், .177 போதும்

மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய 2024 ஜூலைக்குப் பிறகு, தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பையனை ஷூட்டிங்ல சேர்க்கலாம்னு இருக்கோம் சார். முதல்ல எந்த பிஸ்டல் வாங்கலாம்? ரொம்ப உதைக்காத மாதிரி சின்னதா ஒரு .22 போதும்ல?"

புனேயில் பொட்டி தட்டுகிற ஆசாமியிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் நிபுணனெல்லாம் இல்லை. என் மகள் நாலு வருஷமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். வாரத்துக்கு மூன்று நாள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ரேஞ்சின் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிற உத்தியோகம் என்னுடையது. சனிக்கிழமைகளில் நானும் கொஞ்சம் சுடுவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்து எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகி இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

அபிப்பிராயம் இதுதான். இந்தியாவில் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு, அது பன்னிரண்டு வயதுப் பிள்ளையானாலும் சரி, நாற்பத்தைந்து வயது அப்பாவானாலும் சரி, முதல் பிஸ்டல் .177 ஏர் பிஸ்டலாகத்தான் இருக்க வேண்டும். .22 இரண்டாவது படி. அந்த முதல் பிஸ்டலையும் முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள்.

சொன்னவுடன் எதிர்த் தரப்பிலிருந்து வரும் முதல் பதில்: "ஏர் கன்னா? பலூன் சுடுற துப்பாக்கியா?"

மெரினாவில் பலூன் சுட்டு வளர்ந்த சமூகம் நாம். :-) அதனால் அப்படித் தோன்றுவது நியாயமே. ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1988 சியோல் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டி. மனு பாக்கர் பாரிஸில் வாங்கிய இரண்டு பதக்கங்களும், அதாவது தனியாக ஒன்றும் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் ஒன்றும், இந்த "பலூன் துப்பாக்கி" வகையில்தான் வந்தன. .22 பிஸ்டல் சுடும் 25 மீட்டர் போட்டியில் அதே ஒலிம்பிக்கில் அவருக்கு நான்காம் இடம். 2008-ல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் 2012-ல் ககன் நரங்கின் வெண்கலமும் ஏர் ரைபிளில் வந்தவை. அதுவும் இதே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான்.

சரி, பதக்கக் கதை கிடக்கட்டும். உதைப்பு விஷயத்துக்கு வருவோம். கேட்கிறவர்கள் எல்லாரும் "உதைக்காதது" என்கிறார்கள். உதைப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். எடை பெருக்கல் வேகம்.

ஏர் பிஸ்டல் பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம். வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில். பெருக்கினால் 75. .22 லாங் ரைபிள் தோட்டாவின் ஈயக்குண்டு சுமார் 2.6 கிராம், பிஸ்டலிலிருந்து நொடிக்கு 300 மீட்டர் பக்கம் போகும். பெருக்கினால் 780. ஒப்பீட்டுக்காக 9 மி.மீ.: 8 கிராம், 350 மீட்டர், பெருக்கினால் 2,800. (இந்த 9 மி.மீ. நம் நாட்டில் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அந்தப் பேச்சே வேண்டாம்.)

ஆக, .22 என்பது ஏர் பிஸ்டலைப்போல் பத்து மடங்கு. துப்பாக்கியின் எடை இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், பின்னோக்கி வரும் வேகம் பத்து மடங்கு, கையில் இறங்கும் ஆற்றல் அதன் வர்க்கம், அதாவது நூறு மடங்கு. வெடிமருந்துப் புகையின் தள்ளலை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

"நூறு மடங்கு" என்றதும் பயப்பட வேண்டாம். .22 உண்மையிலேயே சாதுவான தோட்டாதான். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலில் அது யார் கையையும் முறிக்காது. .22-க்குப் பரிந்து பேசுகிறவர்கள் இதைச் சொல்லும்போது நானும் தலையாட்டுகிறேன். வெளிநாடுகளில் பலர் .22-ல்தான் தொடங்குகிறார்கள். என் வாதம் கை வலி பற்றியது அல்ல. மூளை பற்றியது.

டப் என்று ஒரு சத்தமும், கூடவே ஒரு குலுக்கலும் வரப்போகிறது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டால், அது வருவதற்கு ஒரு கணம் முன்பே உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. கண் சிமிட்டும். மணிக்கட்டு இறுகும். முனை கீழே சாயும். ரேஞ்சில் இதை ஃபிளின்ச் என்பார்கள். சுடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அடுத்த கணம் வரும் உதைப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். "நல்லாத்தானே குறி வச்சேன், எப்படி ஏழு மணிப் பக்கம் போச்சு?" என்று மலைத்து நிற்பார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன். நல்ல பையன், நல்ல உயரம். அவன் அப்பாவுக்கு ஏர் பிஸ்டல் என்றால் இளக்காரம். தெரிந்தவர் மூலம் ஒரு கிளப்பில் நேராக .22-ல் உட்கார்த்தி வைத்தார். மூன்று மாதம் கழித்துப் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்தார். அவனுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டைப் போட்டு வைத்தார். பையன் விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. ஆனால் பிஸ்டலின் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, பையனுக்கும் புரிந்தது. முகம் செத்துப்போனது. அதைச் சரிசெய்ய அவனை மறுபடி ஏர் பிஸ்டலுக்குக் கொண்டுவந்தார்கள். பழகிய பழக்கத்தை அழிக்க, பழகியதைவிட இரு மடங்கு காலம் பிடித்தது.

ஏர் பிஸ்டலில் இந்தத் திரை இல்லை. நீங்கள் என்ன தப்பு செய்தீர்களோ அது அப்படியே தெரியும். சராசரி ஏர் பிஸ்டலில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 33 செ.மீ. வாக்கில். இலக்கு 10 மீட்டர். அதாவது குறிகளின் சீரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அட்டையில் 30 மில்லிமீட்டர் பிசகும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். கால் மில்லிமீட்டர் கணக்கில் விளையாட்டு நடக்கிறது. இதில் உதைப்பையும் சேர்த்துக் கட்டி அழ வேண்டுமா, கற்றுக்கொள்ளும் பருவத்தில்?

இன்னொன்று. பெல்லட் மெதுவாகப் போவதால், அது குழலை விட்டு வெளியேற .22-ஐவிட அதிக நேரம் எடுக்கும். விசையை அழுத்தியவுடன் கையைத் தளர்த்தினால் மாட்டிக்கொள்வீர்கள். சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே நிற்கும் ஒழுக்கத்தை இது அடித்துச் சொல்லித்தரும். இந்த ஒழுக்கத்தோடு .22-க்குப் போகிறவர்கள் அங்கே சீக்கிரம் தேறுவதைப் பார்க்கிறேன். தலைகீழாகப் போனவர்கள் சிரமப்படுவதையும் பார்க்கிறேன்.

அடுத்து சட்டம். இங்கேதான் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கவனிக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலுக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாத ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் இந்த வரம்பில் பாதிகூட இல்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். .22 பிஸ்டல் அப்படியல்ல. அது முழுக்க முழுக்க துப்பாக்கி. உரிமம், போலீஸ் விசாரணை, இருப்பிடச் சான்று என்று எல்லாம் உண்டு. சொந்தமாக உரிமம் பெற 21 வயது ஆக வேண்டும். அதற்குக் குறைந்த பிள்ளைகள் விதிகள் சொல்லும் நிபந்தனைகளோடு, பயிற்சிக்காக, கண்காணிப்பில் மட்டுமே சுடலாம்.

வாடகை வீடு, பதினொரு மாத ஒப்பந்தம், ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் திருநெல்வேலி முகவரி, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம். இந்த வாழ்க்கையில் ஓர் ஆயுத உரிமத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை இடம் பெயரும்போதும் தகவல் தர வேண்டும், பதிவு செய்ய வேண்டும். கேஸ் கனெக்ஷன் மாற்றுவதற்கே நாக்குத் தள்ளுகிறது நமக்கு. .22 சுட ஆசை என்றால் உரிமம் பெற்ற கிளப்பில் உறுப்பினராகி, அவர்கள் பிஸ்டலில், அவர்கள் கண்முன் சுடுங்கள். துப்பாக்கி அவர்கள் பெட்டகத்தில் தூங்கட்டும். நீங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

"இல்ல சார், கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சு" என்று ஒரு கோஷ்டி வரும். இவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. அரசுத் தொழிற்சாலைகளில் தயாராகும் .32 பிஸ்டலைப் பற்றித்தான் இவர்கள் பேச்சு சுற்றும். அதன் வேலை வேறு. குறி திருத்த வழியில்லாத, விசை கனமான துப்பாக்கியில் குறி பார்க்கக் கற்பது, லாரியில் சைக்கிள் பழகுவது மாதிரி. விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளையின் பெயரால் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கமணிக்கு அறவே பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் முழு ஒற்றுமை.

சரி, ஏர் பிஸ்டல் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது? திரும்பவும் சொல்கிறேன், முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். கிளப் பிஸ்டலில் பழகட்டும். பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று தெரிய அவ்வளவு நாளாவது ஆகும். பக்கத்து வீட்டுக் கீபோர்டு, பரணில் கிடக்கும் ஸ்கேட்டிங் ஷூ எல்லாம் நினைவில் இருக்கட்டும். வெளிநாட்டுப் போட்டி பிஸ்டல் லட்ச ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அது பரணில் ஏறினால் மனசு தாங்காது.

ஆறு மாதம் தாண்டியும் ஆர்வம் குறையவில்லை என்றால், பார்க்க வேண்டியவை:

1. கைப்பிடி. பிராண்டைவிட இது முக்கியம். போட்டி பிஸ்டலின் மரக் கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும். வலக்கை, இடக்கை தனித்தனி. பிள்ளையின் உள்ளங்கை நிறைய வேண்டும், சுட்டுவிரலின் முதல் கணு விசையில் நேராக விழ வேண்டும். பிடியை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் எந்த உலகத்தர பிஸ்டலும் வீண். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடுப்போம்" என்ற தீபாவளிச் சட்டைக் கணக்கு இங்கே செல்லாது. வளர்ந்த பிறகு பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

2. எடை. விதி அனுமதிப்பது 1,500 கிராம் வரை. பெரும்பாலானவை ஒரு கிலோ சுற்றளவில் இருக்கும். ஒற்றைக் கையால், முட்டு இல்லாமல், நீட்டிய கையோடு 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். ஏர் பிஸ்டலில் உதைப்பை அடக்க எடை தேவையில்லை என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு இலகுவான, குட்டை ரகமே நல்லது. தோள் கெட்டுப்போனால் பதக்கம் மருந்து போடாது.

3. காற்று. ஸ்பிரிங் வகை மலிவு. ஆனால் அதற்குள் இருக்கும் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுவதால் குலுக்கல் உண்டு. உதைப்பைத் தவிர்க்கத்தானே இந்தப் பக்கம் வந்தோம்? முன்கூட்டியே அழுத்தக் காற்று அடைத்த உருளை கொண்ட வகைதான் சரி. ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி என்று ரேஞ்சில் நீங்கள் காணும் பெயர்கள் எல்லாம் இந்த வகை. ஸ்டெயர் எல்பி2, ஹேமர்லி ஏபி20 போன்றவை அதே வழியில் எளிமையாகச் செய்யப்பட்டவை. தொடக்கத்துக்குத் தாராளம்.

4. விசை. விதிப்படி ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். அதை எட்டும் வரை திருத்த வசதியும், காற்றில்லாமல் வெறுமனே அழுத்திப் பழகும் டிரை ஃபயர் வசதியும் வேண்டும். பெல்லட் செலவில்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து தினம் இருபது நிமிடம் பழகுவது ரேஞ்சில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். மின்விசை, இயந்திர விசை இரண்டும் உண்டு. முதல் பிஸ்டலுக்கு இயந்திர விசையே என் கட்சி. மின்விசை சொகுசுதான். ஆனால் 2021-ல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் மின்விசைப் பகுதி பழுதாகி, அவர் அரிய நிமிடங்களை இழந்தது நாடறிந்த கதை.

5. பழையது வாங்கினால் காற்று உருளையின் தேதி. உருளையில் தயாரிப்பு மாதம், வருடம் பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள் தருகிறார்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் உலோகத்தைக் கையில் பிடித்துக்கொள்ளப் போகிறோம். "சும்மா இருக்கு சார், நல்லாத்தான் இருக்கு" என்ற வாய்மொழிச் சான்றிதழை நம்பாதீர்கள். காலாவதியான உருளை என்றால் புது உருளையின் விலையையும் கூட்டிப் பேரம் பேசுங்கள்.

பாதுகாப்பு பற்றி நாலு வரி. ஏர் பிஸ்டல் பொம்மை அல்ல. அரை கிராம் பெல்லட் ஒரு கண்ணை எடுத்துவிடும். பால்கனியில் நின்று புறாவைக் குறி பார்ப்பது குற்றமும்கூட, கேவலமும்கூட. பூட்டிய பெட்டி, குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு, சாவி பெரியவர் கையில். சொந்தக்காரர்கள் வந்தால் "எடுத்துக் காட்டு கண்ணா" என்று ஷோ காட்டக் கூடாது. பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். ரேஞ்சில் நான் அதிகம் கத்துவது இதற்குத்தான்.

கடைசியாக, நம் போன்றவர்களிடம் மட்டும் வருகிற கேள்வி. "இங்கே பழகினால் மகாராஷ்டிராவுக்காகத்தானே சுடணும்? தமிழ்நாட்டுக்கு இல்லையே?" ஆமாம். அதனால் என்ன? இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, குஜராத்துக்காகச் சுட்டு, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிள் தங்கம் வாங்கினார். ககன் நரங் பிறந்தது சென்னையில், வளர்ந்தது ஹைதராபாத்தில். ஊர் எது என்று பெல்லட் கேட்பதில்லை. என் மகளுக்குப் பயிற்சியாளர் மராத்தியில் திட்டுகிறார், அவள் தமிழில் முணுமுணுக்கிறாள், பத்து விழுகிறது. :-)

இன்னும் ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மில் பலர் பிள்ளைகளை எதிலாவது சேர்க்கும்போதே "எப்போ நேஷனல்ஸ்?" என்று கேட்டுவிடுகிறோம். புது ஊரில் நம்மை நிரூபிக்க வேண்டிய அவசரம் நமக்கு, அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுகிறோம். பெரிய துப்பாக்கியின் மேல் இருக்கும் மோகமும் இதே அவசரத்தின் இன்னொரு முகம்தான் என்று நினைக்கிறேன். சின்னதில் பொறுமையாக நின்றால் குறைச்சல் என்று தோன்றுகிறது. இந்த விளையாட்டு கற்றுத்தருவதே அந்தப் பொறுமையைத்தான். மூச்சை அடக்கி, கை நடுங்குவதை ஒப்புக்கொண்டு, நேரம் சரியில்லை என்றால் சுடாமல் கையை இறக்கிவிடுவது. பத்துப் புள்ளியைவிடச் சுடாமல் இறக்கிய அந்தக் கைதான் பெரிய விஷயம் என்று பயிற்சியாளர் சொல்வார். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிதாக நாம் என்ன வாங்கித் தந்துவிட முடியும்?

ஆகவே மக்களே, கிளப்பில் சேருங்கள். .177-ல் தொடங்குங்கள். ஆறு மாதம் பொறுங்கள். கைக்குப் பொருந்தியதை வாங்குங்கள். அட்டையில் குண்டுகள் ஓரிடத்தில் கூட ஆரம்பித்து, பயிற்சியாளரே "போதும், வா" என்று கூப்பிடும் நாளில் .22-க்குப் போகலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

பி.கு.: உரிம விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. வாங்கும் முன் உங்கள் மாநில ரைபிள் சங்கத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஹைதராபாத், டெல்லி, கொல்கத்தாவில் பிள்ளைகளை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இடக்கைக்காரப் பிள்ளைக்குக் கைப்பிடி தேடி அலைந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரேஞ்சில் என் பக்கத்து நாற்காலிக்காரர் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.